ஆஸ்பத்திரி அறையில் ஒரு கல்யாணப் பந்தி

எங்கள் பக்கத்தில் ஒருவர் நோவில் படுத்துவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருவது, கல்யாணத்துக்கு மொய் வைப்பது போல. விட்டுப்போனால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதிலும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் கணக்கில் சேராது. படுத்திருப்பவர் கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்து, "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டியதுதான். எழுப்பிவிட்டு, "தூங்குங்க, தூங்குங்க, எங்களுக்காவ முழிச்சிருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

இந்த மரியாதைதான் என் அப்பாவைப் பைத்தியம் ஆக்கப் பார்த்தது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். நிலக்கடலை, பருத்தி, கிணற்றடியில் கொஞ்சம் கரும்பு. நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் அப்பாவும் நானும்தான். அவர் அதட்ட, நான் எதிர்த்துப் பேச, காலம் சந்தோஷமாகவே ஓடியது. ஒரு மழைக்காலத்தில் கடலை மூட்டை ஏற்றிய வண்டி சேற்றில் புதைந்தது. ஆள் வரும்வரை பொறுக்காமல் அப்பா முதுகைக் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கினார். வண்டி ஏறிவிட்டது, அப்பா எழவில்லை. முதுகெலும்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, கத்தி வைக்காவிட்டால் இடது கால் வராது என்று பாலக்காட்டில் சொன்னார்கள்.

கேரளம் என்று ஒரு மாநிலம் உண்டான புதிது அது. அதுவரை எங்கள் தோட்டம் ஒரு ஆட்சியில், பாலக்காடு சென்னை மாகாணத்தில். டவுனுக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு வந்தால் இரண்டு அரசாங்கத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகக் கணக்கு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் டாக்டர் கேட்ட கேள்வியில் இது வருகிறது.

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. மாப்பிள்ளை மலைமேல் சித்திரபுரத்தில் மின்சார வேலையில் இருந்தார். பெண் பார்க்க வருகிற அன்று மலைப்பாதையில் மண் சரிந்து அவர் ஏறிய லாரி நின்றுவிட்டது. கோவிந்தாபுரத்திலிருந்து அவருடைய அம்மா மட்டும் வந்து, என்னைப் பார்த்து, நான் சுட்ட கச்சாயப் பலகாரத்தைத் தின்று பார்த்து, இரண்டும் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளையை நான் பார்க்கவில்லை. கம்பத்தில் ஏறுகிற ஆள் என்று மட்டும் தெரியும். அதனால் கனவில் வந்தால்கூட அண்ணாந்துதான் பார்த்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியூரிலிருந்து பெரிய டாக்டர் வந்து செய்துவிட்டுப் போனார். பலகைக் கட்டிலில் அப்பாவை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். காயம் ஆறும்வரை உட்காரக் கூடாது, நிமிரக் கூடாது. திருப்ப வேண்டுமானால் மூன்று பேர் சேர்ந்து, மரத்தை உருட்டுகிற மாதிரி ஒரே வாட்டத்தில் உருட்ட வேண்டும். தானாக எழுந்துவிட்டால் பிறகு நாங்கள் பொறுப்பில்லை என்று சிஸ்டர் விரலை ஆட்டிச் சொன்னார்.

துணைக்கு என் தாய்மாமன் இருந்தார். மாமாவுக்குப் பொருள் மேல் அப்படி ஒரு ஜாக்கிரதை. அப்பாவை உள்ளே கொண்டுபோகும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்கள். மாமா அதைத் துண்டில் சுற்றி, கைக்கடிகாரத்தோடு சேர்த்து, பஸ் ஏறி எங்கள் தோட்டத்துக்கே போய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். "ஆஸ்பத்திரியில வெச்சா காணாமப் போயிருமல்ல?" என்றார். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் ஆளும் தெரியாது, ஆடும் தெரியாது. வலது காதும் அவருக்கு மந்தம். இடது காதுப் பக்கம் நின்று பேசினால்தான் விளங்கும். கட்டில் போட்டிருந்த லட்சணத்தில் அந்த இடது காது சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஆபரேஷன் முடிந்ததே, உயிர் இருக்கிறதே என்று பூரித்துப்போய் இருந்தேன்.

பிறகு ஊர் வந்தது. பஸ்ஸில் வந்தது, வில்வண்டியில் வந்தது, கடலை ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு வந்தது. ஆளுக்கு ஒரு சீப்பு நேந்திரம்பழம், ஆரஞ்சு, பன் ரொட்டி. வந்த ஒவ்வொருவரும் அப்பாவின் தோளைத் தட்டி, "ஏனுங்க, நாந்தான் வந்துருக்கறனுங்க" என்றார்கள். அப்பா மங்கலாகத் தெரிந்த உருவத்தைப் பார்த்து, "வாங்க வாங்க, எல்லாரும் சொகந்தானுங்க?" என்றார். ஆள் யாரென்று தெரியாமலே ஊர் முழுவதையும் நலம் விசாரித்தார். பார்வை நேரம் என்று ஒன்று வாசலில் எழுதி இருந்தது. அது வேறு யாருக்கோ என்று நம்மாட்கள் நினைத்துக்கொண்டார்கள். பகலெல்லாம் இவர்கள் தூங்க விடவில்லை, ராத்திரி வலி தூங்க விடவில்லை. வலிக்குப் போட்ட ஊசியில் ஆள் மிதந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அது ஆரம்பித்தது.

"கண்ணு, பந்தல்ல வெளிச்சம் பத்தலியே. இன்னொரு பெட்ரோமாக்ஸ் ஏத்தச் சொல்லு."

நான் சிரித்தேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியைக் காட்டி, வாழை மரம் ஏன் ஒரு பக்கம் மட்டும் கட்டி இருக்கிறது என்று மாமாவைக் கோபித்தார். போர்வையை விரலால் ஒவ்வொரு மடிப்பாக எடுத்து வைத்தார். என்ன அப்பா செய்கிறீர்கள் என்றேன். வெற்றிலை அடுக்குகிறேன் என்றார். சிஸ்டர் மாத்திரை கொண்டுவந்தபோது, "அம்மிணி, நீ எந்தப் பந்தியில சாப்ட்டே?" என்று அன்பாகக் கேட்டார். கோட்டயம் பக்கத்துக்காரரான அந்தச் சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா என் கல்யாணத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் வழக்கத்தில் பெண் வீட்டுக்காரர் பந்தி முடிகிறவரை உட்கார மாட்டார். கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் அவருக்குச் சோறு, அதற்கப்புறம்தான் படுக்கை. அப்படிப்பட்ட மனிதர், விருந்தாளிகள் வந்து நிற்கும்போது தாம் படுத்துக்கிடப்பதை எப்படிச் சகிப்பார்? "என்னையத் தூக்கி உடு, தூக்கி உடு" என்று மணல் மூட்டையைத் தள்ளினார். நானும் மாமாவும் தோளை அமுக்கிப் பிடித்தோம். ஓடிவந்த வார்டு ஆள், கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்றான். "கைய வெச்சுப் பாரு!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வராந்தாவில் ஒரு குழந்தை வீரிட்டது. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும், அன்றைக்கு அது தலைக்கே ஏறி இருந்தது.

மாமா என்னை ஓரமாக இழுத்துக் காதில் சொன்னார். "சித்தம் கலங்கிப் போச்சு போல கண்ணு. கோவிந்தாபுரத்துக்குத் தெரிஞ்சா இந்தச் சம்மந்தம் நிக்காது. பைத்தியம் புடிச்ச ஊட்டுல ஆரு பொண்ணெடுப்பா?"

"நிக்காட்டிப் போவுது," என்றேன். எனக்கு அப்போது மாப்பிள்ளை பெரிதில்லை. என் அப்பாவாக அவர் திரும்பி வருவாரா என்பதுதான் கேள்வி. அதுவரை எழுந்து காலைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் சாமியிடம் கேட்டேன்.

காலையில் வார்டு டாக்டர் வந்தார். இளவயசு, மலையாளி, தமிழை ஒரு இழுப்போடு பேசுவார். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அப்பா கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தார்.

"இப்ப நம்ம எந்த ஸ்டேட்ல இருக்கோம், சொல்லுங்க?"

"சென்னை மாகாணமுங்க."

டாக்டர் சீட்டில் ஏதோ எழுதப் போனார். நான் விடவில்லை. "அத எழுதாதீங்க. அது எங்க ஊருல புத்தி தெளிவா இருக்கறவங்களும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க."

அவர் சிரித்துவிட்டுப் பேனாவை மூடினார். பிறகு என்னிடம் கேட்க ஆரம்பித்தார். வயது அறுபது தாண்டிவிட்டதா? கண்ணாடி உண்டா? அப்படியானால் அது எங்கே? மாமா வெகு பெருமையாக, பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறேன் என்றார். காது? வலது மந்தம் என்று சொல்லும்போதே எனக்குச் சுவர் கண்ணில் பட்டது. வெற்றிலை புகையிலை போடுவாரா? வாய் ஓயாமல் போடுகிறவர், இங்கே வந்ததும் ஒரே அடியாக நிறுத்தியாகிவிட்டது. தண்ணீர் குடிக்கிறாரா? நான் நிரம்பியபடியே இருந்த சொம்பைப் பார்த்தேன். டாக்டர் அப்பாவை நாக்கை நீட்டச் சொன்னார். வறண்டு போயிருந்தது.

"ஏன் தண்ணி குடிக்கல?"

அப்பா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, டாக்டரைக் கிட்டே கூப்பிட்டார். மந்தக் காதுக்காரர் ரகசியம் பேசினால் எப்படி இருக்கும்? அறை முழுக்கக் கேட்டது. "குடிச்சா அப்பறம் ஒண்ணுக்குப் போவோணும். படுத்துக்கிட்டே, பொம்பளைப் புள்ளைங்க தட்டுப் புடிக்க, அது எப்படிங்க? அதுக்கு நாக்கு வறண்டு சாவலாமுங்க."

பெண்பிள்ளையைப் போல வெட்கப்பட்டார் அந்த முரட்டு மனிதர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"எத்தனை பேரு இவரைப் பாக்க வந்தாங்க?" என்று டாக்டர் கடைசியாகக் கேட்டார். மாமா மூலையில் குவிந்து கிடந்த பழத்தைக் காட்டினார். டாக்டர் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இது பைத்தியம் இல்ல. பெரிய ஆபரேஷன் கழிஞ்சா சிலருக்கு இப்படி ஆகும், வயசானவங்களுக்குக் கூடுதலா ஆகும். சாதாரணமா ஏதாவது ஒண்ணு ரெண்டு காரணம் இருக்கும். உங்க அப்பாவுக்கு ஒரு கூட்டமே சேர்ந்திருக்கு. கண்ணு தெரியல, காது கேக்கல, தண்ணி இல்ல, பொகையில இல்ல, புது இடம், போதாததுக்கு எங்க ஊசி. எல்லாத்துக்கும் மேல தூக்கம் இல்ல. இவரை முதல்ல தூங்க விடுங்க."

தூங்க ஒரு ஊசி போடலாமே என்றார் சிஸ்டர். அது இன்னும் குழப்பும் என்று டாக்டர் மறுத்து, வலி ஊசியையும் குறைத்தார். கட்டிலைத் தலைமாடு மாற்றிப் போடச் சொன்னார். தட்டுப் பிடிக்க ஆண் ஆள் வந்தான். அப்பா அன்றைக்கு ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "எங்கே இருக்கார்னு மெதுவாச் சொல்லிட்டே இருங்க. ஆனா சண்டைக்குப் போகாதீங்க," என்று என்னைக் குறிப்பாகப் பார்த்துச் சொல்லிவிட்டு டாக்டர் போனார். அதற்குள் என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

மாமா கண்ணாடி எடுத்து வரப் புறப்பட்டார். போகிற வழியில் இனி யாரும் வர வேண்டாம் என்று ஊருக்குச் சொல்வதும் அவர் பொறுப்பு. எப்படிச் சொல்வது என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் புலம்பிக்கொண்டே போயிருப்பார்.

பகல் அமைதியாகக் கழிந்தது. பொழுது சாய்ந்ததும் அப்பாவின் விரல் மறுபடி வெற்றிலை அடுக்க ஆரம்பித்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வராந்தாவில் காவல் நின்றேன். எமனே வந்தாலும் நாளைக்கு வா என்று சொல்லத் தயாராக இருந்தேன். வந்தது எமன் இல்லை, கோவிந்தாபுரத்து அம்மா. பின்னால் நெட்டையாக ஒருவர், தோளில் ஒரு சாக்குப்பை. மலையிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார் என்பது சட்டையில் இருந்த புழுதியில் தெரிந்தது. பையிலிருந்து வெள்ளைப்பூண்டு வாசம் வராந்தா முழுக்க அடித்தது. நோயாளியைப் பார்க்க ஒரு மூட்டை காந்தலூர்ப் பூண்டு தூக்கிக்கொண்டு வந்த மனிதரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"அப்பா இப்பத்தான் தூங்குனாருங்க," என்றேன்.

"ஆரு வந்துருக்கறாங்க கண்ணு?" என்று உள்ளிருந்து முழங்கியது குரல். "வாசல்லயே நிக்க வெச்சுப் பேசறயே! உள்ள கூட்டிட்டு வா. வாங்க வாங்க!"

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கதவைத் திறப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

"ஏனுங்கண்ணா, எப்படி இருக்கறீங்க?" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "வாங்க சம்மந்தி. முகூர்த்தம் நல்லபடியா முடிஞ்சுது. வந்தவங்க நின்னுக்கிட்டே இருந்தா எப்படிங்க? கண்ணு, எலையப் போடச் சொல்லு. இல்ல, நானே வர்றேன்." தலையைத் தூக்கினார். முழங்கையை ஊன்றினார்.

"அப்பா, இது ஆஸ்பத்திரிங்கப்பா! முதுகுல கட்டு இருக்குதுங்கப்பா!" என்று நான் தோளைப் பிடித்தேன். என் பிடிக்கு அவர் அடங்கவில்லை. விருந்தாளிகள் பசியோடு நிற்கும்போது ஆஸ்பத்திரியாவது கட்டாவது! எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. எல்லாம் முடிந்தது, காலும் போச்சு, சம்மந்தமும் போச்சு என்று நினைத்தேன்.

அந்த அம்மா அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூலையில் இருந்த பழக் குவியலைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அம்மாடி" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நாங்க உக்காந்துட்டமுங்கண்ணா. நீங்க படுத்துக்கிட்டே கவனிங்க, அது போதும். அம்மிணி, எலையப் போடு. அப்பன் சொல்றாரல்ல?"

நெட்டையானவர் பூண்டு மூட்டையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பழம் சுற்றி வந்த வாழை இலைகளை நான் கிழித்துப் போட்டேன். பன்னைப் பிய்த்து வைத்தேன், ஆரஞ்சுச் சுளை வைத்தேன், நேந்திரம்பழத்தை நறுக்கி வைத்தேன். அப்பா முழங்கையைத் தளர்த்தித் தலையணையில் சாய்ந்து, நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு பந்தியை நடத்தினார்.

"கடைசி எலைக்கு வெச்சாச்சா?"

"வெச்சாச்சுங்கப்பா."

"மாப்பிள்ளைய வெக்கப்படாம சாப்படச் சொல்லு."

"எனக்கு இன்னொரு கரண்டி ரசம் வேணுமுங்க மாமா," என்றார் நெட்டையானவர், பன்னை மென்றுகொண்டே. முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது. நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துப்போய் அவர் இலையில் சாய்த்தேன். பன் ஊறிப்போனது. அவர் அதையும் வழித்துச் சாப்பிட்டார். மலைப்பாதையில் வெறும் வயிற்றோடு வந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன். பிடித்திருந்தது. ஊறிப்போன பன்னைத் தின்ற அந்த நிமிஷத்திலேயே ரொம்பப் பிடித்துப்போனது.

சத்தம் கேட்டு வந்த சிஸ்டர், "எந்தா இது!" என்று வாசலில் நின்றார். "வாம்மா அம்மிணி, நீயும் உக்காரு," என்றார் அப்பா. சிஸ்டர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, ஒரு ஆரஞ்சுச் சுளையை எடுத்து நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டார்.

கடைசியில் கோவிந்தாபுரத்து அம்மா சத்தமாக ஒரு ஏப்பம் விட்டார். "வயிறு நெறஞ்சு போச்சுங்கண்ணா. எல்லாரும் கை கழுவியாச்சு. பந்தி முடிஞ்சுது. இனி நீங்க செத்த நேரம் கண்ணசருங்க."

"ஒருத்தரும் பாக்கி இல்லீங்களே?"

"ஒருத்தரும் இல்லீங்க."

அப்பா பெருமூச்சு விட்டார். வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த விரல் நின்றது. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. அந்தக் குறட்டையைப் போல் இனிமையான சங்கீதத்தை நான் அதற்கப்புறம் எந்தக் கச்சேரியிலும் கேட்கவில்லை.

வெளியே வந்து நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னதையும், மாமா பயந்ததையும், எதையும் மறைக்காமல். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "புத்தி கலங்கியும் வாங்கன்னு சொல்றாரு, சாப்பட்டீங்களான்னு கேக்கறாரு. எங்கூர்ல புத்தி தெளிஞ்சவனே பாதிப்பேரு அதக் கேக்க மாட்டான். அவரு எந்திரிச்சு நடக்கட்டும், அப்பறம் நாள் குறிப்போம். எங்களுக்கு அவசரமில்லே." நெட்டையானவர் போகும்போது பூண்டு மூட்டையைக் காட்டி, "வாயுவுக்கு நல்லதுங்க," என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மாமா கடைசி பஸ்ஸில் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். அப்பா முழுக்கத் தெளிய இன்னும் சில நாள் பிடித்தது. பொழுது சாயும்போது ஒன்றிரண்டு வார்த்தை தடம் மாறும், பிறகு திரும்பும். ஆனால் அந்த மறுநாள் காலையை நான் மறக்கவே மாட்டேன். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலுக்கு வந்தபிறகுதான் கண் விழித்தார். நான் கண்ணாடியை மாட்டிவிட்டேன். கூரையைப் பார்த்தார், மணல் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியா?"

"ஆமாங்கப்பா."

"ஆபரேஷன் ஆயிருச்சா?"

"ஆயிருச்சுங்கப்பா. நல்லாயிருவீங்க."

அப்புறம் என்னைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார், அதில் தாலி இல்லை. நெற்றியைப் பார்த்தார். அந்தப் பெரிய முகம் மெதுவாகக் கோணியது. அம்மா போனபோது அவர் அழுததை நான் பார்த்ததில்லை, அப்போது நான் சிறுபிள்ளை. இப்போது பார்த்தேன். கண்ணாடிக்குள்ளேயே கண்ணீர் வழிந்தது, வாய் மட்டும் சிரித்தது.

"கண்ணு, உன்னையக் கட்டிக் குடுத்து, மலைக்கு வண்டி ஏத்தி அனுப்பிச்சுட்டேன்னுல்ல நெனச்சேன்," என்றார். "நீ இன்னும் போவலியா?"